பிஇ பவர் தேர்வு: எதை வாங்குவது, எதைத் தூக்கிப் போடுவது? (நான்கு மாதம்தான் இருக்கிறது)

ஹூஸ்டன்_வாசி:
எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன், இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். போன வருடம் எஃப்இ (அமெரிக்க இன்ஜினியர் லைசென்சுக்கான முதல் தேர்வு) முடித்தேன். இப்போது அதற்கு அடுத்த படியான பிஇ எலக்ட்ரிக்கல் பவர் தேர்வுக்கு நான்கு மாதம் தள்ளித் தேதி எடுத்திருக்கிறேன். வேலை ஒரு டிசைன் கன்சல்டிங் கம்பெனியில், பம்ப் ஹவுஸ், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் மாதிரி இடங்களுக்கு. ஊரில் இஇஇ முடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, ஃபேசர் டயகிராம் கடைசியாக எப்போது வரைந்தேன் என்று ஞாபகம் இல்லை.

படிக்க நேரம் இல்லை என்பதுகூட எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை, படிப்பதற்கு இருப்பது அதிகமாகிவிட்டது என்பதுதான். ஆபீசில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தன் புத்தகங்களை ஒரு டிராலி சூட்கேசோடு அப்படியே கொடுத்துவிட்டார். தலையணை சைசில் ஒரு ரெஃபரன்ஸ் மேனுவல், ஆறு பயிற்சிப் புத்தகங்கள், ஓரமெல்லாம் கலர் கலராக டேப் ஒட்டிய 2011 என்இசி (அமெரிக்க மின் வயரிங் விதிப் புத்தகம்), அவர் கைப்பட எழுதிய மூன்று பைண்டர். இது போதாதென்று ஆன்லைன் கோர்ஸ்காரர்கள் தினமும் மெயில் அனுப்புகிறார்கள், ஆயிரத்துச் சொச்சம் டாலர். டெலிகிராமில் ஒரு நண்பர் நாற்பது பிடிஎஃப் அனுப்பி வைத்திருக்கிறார். நேற்று மனைவி சூட்கேசைத் திறந்து பார்த்துவிட்டு "இதெல்லாம் படிக்கவா, அடைகாக்கவா?" என்று கேட்டுவிட்டாள்.

இரண்டு சின்னப் பிள்ளைகள், ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் மேசைக்கு வர முடியும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பேனல்:
தம்பி, அந்த மேனுவலை விட்டுவிடாதீர்கள். நான் 2013 அக்டோபரில் எழுதியது அதை வைத்துத்தான். அட்டை முதல் அட்டை வரை ஒரு தடவை, பிறகு கணக்குகள் மட்டும் இன்னொரு தடவை. டேப் ஒட்டுவதற்கே இரண்டு வாரம் செலவழித்தேன், அதுவும் ஒரு படிப்புதான். தேர்வு ஹாலில் எனக்கு முன்னால் ஒருவர் பால் கேன் வைக்கிற பிளாஸ்டிக் கிரேட்டில் புத்தகம் கொண்டு வந்திருந்தார். கண் கொள்ளாக் காட்சி.

மின்கலா:
அண்ணா, மன்னிக்கணும், அந்தக் காட்சி முடிந்துபோய் வருடக்கணக்கில் ஆகிறது. 2020 டிசம்பரிலிருந்து பவர் தேர்வு முழுக்கக் கம்ப்யூட்டரில்தான். பியர்சன் வியூ தேர்வு மையத்துக்குள் ஒரு தாள்கூடக் கொண்டு போக முடியாது. உள்ளே கிடைப்பது இரண்டே சமாச்சாரம்: தேர்வை நடத்தும் என்சிஇஇஎஸ் கொடுக்கும் ரெஃபரன்ஸ் ஹேண்ட்புக் பிடிஎஃப், அப்புறம் என்இசி மாதிரி கோடு (விதிமுறை) புத்தகங்களின் பிடிஎஃப். இரண்டும் திரையில். டேப் ஒட்டிய புத்தகம் வீட்டு அலமாரியில்.

ஹூஸ்டன்_வாசி, கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது தடவையில்தான் பாஸ் ஆனேன். முதல் தடவை நான் செய்தது அப்படியே பேனல் அண்ணா சொன்னதுதான். ஐந்து மாதம் தடித்த புத்தகத்தை வரி விடாமல் படித்து நோட்ஸ் எடுத்தேன், நம் ஊர் யூனிவர்சிட்டி பரீட்சைக்குப் படிப்பது மாதிரி. இண்டக்‌ஷன் மோட்டார் டார்க் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் தருவிப்பேன். ஹாலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, டெரிவேஷனை யாரும் கேட்கவில்லை, என்இசி-யில் ஒரு டேபிளைத் தேடியே எனக்கு ஒன்பது நிமிடம் போயிற்று. 80 கேள்வி, 8 மணி நேரம், கேள்விக்குச் சராசரி 6 நிமிடம். ஒன்பது நிமிடம் தேடுவதிலேயே போனால் என்ன ஆகும்?

தோற்றால் அவர்கள் அனுப்பும் டயக்னாஸ்டிக் ரிப்போர்ட்டில் எந்தப் பகுதியில் எவ்வளவு பின்தங்கினீர்கள் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். என் ரிப்போர்ட்டில் மெஷின்ஸ் நன்றாக மேலே இருந்தது. கோட்ஸ் அண்ட் ஸ்டாண்டர்ட்ஸ் தரையில் கிடந்தது. அந்தப் படத்தைப் பிரின்ட் எடுத்து மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துத்தான் இரண்டாவது தடவை படித்தேன்.

வெட்டிப்பேச்சு:
சூட்கேஸ் நல்ல கம்பெனியா? சக்கரம் எப்படி?

ஹூஸ்டன்_வாசி:
சக்கரம் அருமை பாஸ், நான்கும் சுற்றும் 😄

மின்கலா, நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். திரையில் பிடிஎஃப் என்றால் தேடும் வசதி இருக்குமே? கண்ட்ரோல் எஃப் அடித்தால் வந்துவிடாதா? அதற்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?

மின்கலா:
இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தேடலாம், ஆனால் கோடு புத்தகம் ஒரே ஃபைலாக இருக்காது. அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி ஃபைல், ஒரு நேரத்தில் ஒரு அத்தியாயத்தைத்தான் திறக்கலாம், அதற்குள் மட்டும்தான் தேடலாம். என்சிஇஇஎஸ் தன் தேர்வுப் பாடத்திட்டத் தாளிலேயே இதை எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

ஒரே ஒரு மோட்டார் கேள்வியை எடுத்துக்கொள்வோம். உங்கள் பம்ப் ஹவுஸ் வேலைதான். 50 எச்பி, 460 வோல்ட், த்ரீ ஃபேஸ். வயர் சைஸ் என்ன, பிரேக்கர் என்ன, எர்த் வயர் என்ன?

நம் ஊர்ப் புத்தி உடனே என்ன செய்யும்? 50 பெருக்கல் 746, வகுத்தல் ரூட் 3, வகுத்தல் 460, பவர் ஃபேக்டர் 0.85, எஃபிஷியன்சி 0.93 என்று போட்டு 59 ஆம்பியர் என்று வரும். சந்தோஷமாக அதற்குப் பிரேக்கருக்கான 250 சதவீதம் போட்டால் 148, அடுத்த ஸ்டாண்டர்ட் சைஸ் 150 ஆம்பியர் பிரேக்கர். விடைகளில் 150-ம் இருக்கும், ஏனென்றால் கேள்வி எழுதியவருக்கு நம்மைத் தெரியும். சரியான விடை 175. என்இசி 430.6 படி வயருக்கும் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புக்கும் டேபிள் 430.250-ல் இருக்கும் கரண்டைத்தான் எடுக்க வேண்டும், அது 65 ஆம்பியர். 65 பெருக்கல் 2.5 என்றால் 162.5, அடுத்தது 175. ஓவர்லோடுக்கு மட்டும் நேம் பிளேட் கரண்ட். அங்கே டேபிளை எடுத்தால் அதுவும் தப்பு.

வயருக்கு 65 பெருக்கல் 1.25, 81.25 ஆம்பியர், டேபிள் 310.16-ல் காப்பர் 75 டிகிரி நெடுவரிசையில் நம்பர் 4 வயர் 85 ஆம்பியர், சரி. எர்த் வயருக்கு 250.122, 175 ஆம்பியர் பிரேக்கர் 200 வரிசைக்குள் விழுகிறது, நம்பர் 6 காப்பர்.

இப்போது எத்தனை ஃபைல் திறந்தீர்கள் என்று எண்ணுங்கள். 430 நான்காவது அத்தியாயம். 310 மூன்றாவது. 250.122, பிரேக்கர் ஸ்டாண்டர்ட் சைஸ் இருக்கும் 240.6, இரண்டும் இரண்டாவது. மூன்று ஃபைல், ஒவ்வொன்றும் திறக்கிற நேரம் வேறு. "மோட்டார்" என்று நான்காவது அத்தியாயத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். "430.250" என்று அடித்தால்தான் வேலை நடக்கும். எண் மனதில் இல்லாதவனுக்குத் தேடல் வசதி இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மெட்டீரியல் தேர்ந்தெடுக்கும்போது "இதில் எல்லாம் இருக்கிறதா" என்று பார்க்காதீர்கள், அந்த அறையில் உட்காருவதற்கு இது என்னைப் பழக்குமா என்று பாருங்கள்.

பழைய_பேனல்:
சரி, காலம் மாறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறதே அம்மா. 100 ஆம்பியருக்குக் கீழே டெர்மினல் 60 டிகிரி நெடுவரிசையில்தானே பார்க்க வேண்டும்? 110.14(சி). அப்படிப் பார்த்தால் நம்பர் 4 வயர் 70 ஆம்பியர்தான், அதைவிடத் தடித்த நம்பர் 3 அல்லவா வரும்?

மின்கலா:
ஆஹா, இதைத்தான் எதிர்பார்த்தேன் அண்ணா. பொதுவாக நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே 110.14(சி)-யில் கொஞ்சம் கீழே போனால் டிசைன் லெட்டர் பி, சி, டி என்று குறித்த மோட்டார்களுக்கு 75 டிகிரி எடுக்கலாம் என்று இருக்கும். கேள்வியில் டெர்மினல் 75 டிகிரி என்றோ டிசைன் பி என்றோ ஒரு சொல் ஓரமாக இருக்கும், அதைக் கவனிக்காமல் போவதற்கென்றே எழுதியது போல. நான் மேலே எழுதும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டேன், என் தப்பு.

பழைய_பேனல்:
டேப் ஒட்டினவன் மறக்க மாட்டான் என்பதற்காகச் சொன்னேன், அவ்வளவுதான் 🙂

சப்ஸ்டேஷன்காரன்:
நல்ல இழை. நான் ஒரு மின் விநியோகக் கம்பெனியில் புரொடெக்‌ஷன் பக்கம் இருக்கிறேன், மூன்று வருடத்துக்கு முன் பாஸ் ஆனேன். என் அனுபவம் கொஞ்சம் வேறு.

ரிலே, சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்), ஃபால்ட் கரண்ட் எல்லாம் எனக்குத் தினசரிச் சோறு. ரிலே எண் 87 என்றால் டிஃபரன்ஷியல், 21 என்றால் டிஸ்டன்ஸ், யோசிக்கவே வேண்டாம். ஆனால் என்இசி-யை நான் வாழ்க்கையில் திறந்ததே இல்லை, எங்கள் உலகம் என்இஎஸ்சி (மின் விநியோக லைன்களுக்கான பாதுகாப்பு விதிப் புத்தகம்). எனவே நான் காசு செலவழித்தது முழுக்க என்இசி பயிற்சிக் கேள்விகளுக்குத்தான். நீங்கள் கட்டட, ஆலைப் பக்கம் டிசைன் செய்பவர், உங்களுக்கு என்இசி கை வந்திருக்கும், ஆனால் பவர் சிஸ்டம் அனாலிசிசும் புரொடெக்‌ஷனும் துருப்பிடித்திருக்கும். ஆகவே "எந்தப் புத்தகம் நல்லது" என்று பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் தனக்கு எதில் ஓட்டை இருந்ததோ அதற்கான புத்தகத்தைத்தான் சொல்வார்கள். முதலில் உங்கள் ஓட்டை எங்கே என்று பாருங்கள்.

சோதித்துப் பார்க்க ஒன்று: 1500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், செகண்டரி 480 வோல்ட், இம்பீடன்ஸ் 5.75 சதவீதம். செகண்டரி டெர்மினலில் த்ரீ ஃபேஸ் ஃபால்ட், மேல்பக்கம் இன்ஃபினிட் பஸ் (இம்பீடன்ஸ் இல்லாத சப்ளை). கரண்ட் எவ்வளவு? கேல்குலேட்டரை எடுத்து முப்பது வினாடியில் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்_வாசி:
1500 / (1.732 × 0.48) = 1804 ஆம்பியர். அதை 0.0575-ஆல் வகுத்தால் 31,378. சரியா சார்? முப்பது வினாடி இல்லை, ஒன்றரை நிமிடம் ஆயிற்று. ஃபேஸ் கரண்டா லைன் கரண்டா என்று நடுவில் பயம் வந்துவிட்டது.

சப்ஸ்டேஷன்காரன்:
சரிதான். இது சுலபமானது. இதே டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் ஒரு லைன், அதற்கு முன்னால் வேறு எம்விஏ பேசில் ஒரு ஜெனரேட்டர் என்று வைத்தால் பெர் யூனிட் கணக்கில் இம்பீடன்சின் பேஸை மாற்ற வேண்டி வரும். புது பேஸ் எம்விஏ மேலே, பழையது கீழே, வோல்டேஜ் மட்டும் பழையது மேலே, புதியது கீழே, ஸ்கொயர் போட்டு. காலேஜில் தலைகீழாக நின்று படித்தது. அந்த பயம் போகும் வரை இதில் இருபது கணக்கு போடுங்கள். அதற்குத் தடித்த புத்தகம் வேண்டாம், உங்கள் சூட்கேசில் இருக்கும் ஆறு பயிற்சிப் புத்தகங்களிலேயே கிடைக்கும். ஃபால்ட் கரண்ட் 2011-லும் அதேதான், இன்றும் அதேதான். மாறியது கோடு மட்டும்.

டெல்டா_வை:
இடையில் ஒரு எச்சரிக்கை. பழைய பயிற்சிப் புத்தகங்களில் என்இசி கேள்விகளை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஒரு கதை சொல்கிறேன். வயர் ஆம்பாசிட்டி (எவ்வளவு கரண்ட் தாங்கும்) டேபிள் 2008 பதிப்பில் 310.16. 2011-ல் அதையே 310.15(பி)(16) ஆக்கினார்கள். 2020-ல் மறுபடி 310.16. வீட்டைக் காலி செய்துவிட்டுப் பத்து வருடம் கழித்து அதே வீட்டுக்கு வாடகைக்கு வந்த மாதிரி. 2014-ல் வந்த ஒரு விடைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திரையில் 310.15(பி)(16) என்று தேடினேன், தேடினேன், கிடைக்கவே இல்லை. தேர்வில் எந்தப் பதிப்பு என்று என்சிஇஇஎஸ் தளத்தில் போட்டிருப்பார்கள். தேதி எடுத்தவுடன் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பதிப்பில் மட்டும் படியுங்கள்.

இன்னொன்று, பழைய புத்தகம் வாங்கினால் எரேட்டா (அச்சுப்பிழைத் திருத்தம்) பக்கத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ரெகுலேஷன் கணக்கில் என் விடை வரவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டையை உடைத்தேன். கடைசியில் புத்தகத்தில் லேகிங்குக்குப் பதில் லீடிங் என்று அச்சடித்திருக்கிறார்கள்.

புதுசு_88:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஊரில் பி.இ. டிகிரி முடித்தவன், இங்கே வந்து ஒரு வருடம்தான். டிகிரியை மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறார்களே, அதற்கும் ஏதாவது மெட்டீரியல் இருக்கிறதா?

சப்ஸ்டேஷன்காரன்:
அது வேறு கதை தம்பி, தனி இழை போடுங்கள். சுருக்கமாக: ஒவ்வொரு மாநில போர்டுக்கும் ஒரு விதி. அமெரிக்க அங்கீகாரம் இல்லாத டிகிரிக்குப் பல போர்டுகள் என்சிஇஇஎஸ் கிரெடென்ஷியல்ஸ் எவால்யூவேஷன் கேட்கும். ஊரிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வரவழைப்பதற்குள் விழி பிதுங்கிவிடும், யாராவது நேரில் போய் அலைந்தால்தான் நடக்கும், எனவே இன்றே ஆரம்பியுங்கள். படிப்பதை எஃப்இ-யில் தொடங்குங்கள்.

ஹூஸ்டன்_வாசி:
சார், அப்படியானால் கோர்ஸ் தேவையில்லையா? ஆபீசில் பாதிப் பணம் தருவார்கள். "பாஸ் ஆகாவிட்டால் பணம் வாபஸ்" என்கிறார்கள்.

மின்கலா:
நான் முதல் தடவை ஒரு கோர்ஸ் எடுத்தேன், பெயர் வேண்டாம். பணம் கட்டி உள்ளே போனால் வீடியோவில் வாத்தியார் "இந்தப் பக்கத்தில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள்" என்கிறார். காகிதத் தேர்வு காலத்தில் எடுத்த வீடியோ! கம்ப்யூட்டர் தேர்வுக்கு மாற்றிவிட்டோம் என்று விளம்பரத்தில் மட்டும் போட்டிருந்தார்கள், உள்ளே முதல் இரண்டு வீடியோதான் புதிது. பணம் வாபஸ் கேட்டேன். எல்லா வகுப்புக்கும் நேரலையில் வந்திருக்க வேண்டும், எல்லா ஹோம்வொர்க்கும் தேதிக்குள் அனுப்பியிருக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. எனக்கு இரண்டு வகுப்பு விட்டுப்போயிருந்தது, பையனுக்குக் காய்ச்சல். போயே போச்சு.

கோர்ஸே வீண் என்று சொல்லவில்லை. தானாக உட்கார்ந்து படிக்க முடியாதவருக்கு வாரத்தில் இரண்டு நாள் யாராவது இழுத்து உட்கார வைப்பது பெரிய விஷயம். ஆனால் பணம் கட்டும் முன் ஒரு சாம்பிள் வகுப்பு கேளுங்கள். வாத்தியார் கணக்குப் போடும்போது என்சிஇஇஎஸ் ஹேண்ட்புக்கைத் திரையில் திறந்து அதிலிருந்து ஃபார்முலா எடுக்கிறாரா, இல்லை தன் சொந்த நோட்ஸிலிருந்து எடுக்கிறாரா என்று பாருங்கள். சொந்த நோட்ஸ் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள், அந்த நோட்ஸ் ஹாலுக்குள் வராது.

வெட்டிப்பேச்சு:
எனக்குத் தெரிந்த ஒருத்தர் மூன்று கோர்ஸ் எடுத்தார். மூன்றாவதில் அவரே மற்றவர்களுக்கு டவுட் கிளியர் பண்ணினார். இன்னும் தேர்வுக்குத் தேதி எடுக்கவில்லை.

டெல்டா_வை:
@வெட்டிப்பேச்சு அது நான் இல்லை என்று இந்த நேரத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

ஹேண்ட்புக் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. மைஎன்சிஇஇஎஸ் கணக்கில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிரின்ட் எடுக்காதீர்கள்! எடுத்தால் கை பழகிவிடும், வலது மூலையில் மூன்றாவது ஃபார்முலா என்று கண் ஞாபகம் வைத்துக்கொள்ளும், ஹாலில் அது உதவாது. மடிக்கணினித் திரையில் ஒரு பாதியில் கேள்வி, மறு பாதியில் ஹேண்ட்புக், முதல் நாளிலிருந்தே அப்படித்தான். எந்தக் கணக்குப் போட்டாலும் ஃபார்முலா மனப்பாடமாகத் தெரிந்தாலும் ஒரு தடவை ஹேண்ட்புக்கில் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துவிடுங்கள். அதில் இல்லாததும் இருக்கும், அப்போது அதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். என்னிடம் கடைசியில் அப்படி ஒன்றரைப் பக்கம் சேர்ந்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான் மனப்பாடம் செய்தேன், வேறு எதையும் செய்யவில்லை.

என்இசி-க்கும் காசு செலவழிக்க வேண்டாம். அதை வெளியிடும் என்எஃப்பிஏ தளத்தில் கணக்குத் தொடங்கினால் திரையில் இலவசமாகப் படிக்கலாம், இறக்க முடியாது, பிரின்ட் எடுக்க முடியாது. தேர்வு ஹாலும் அப்படித்தானே? 70இ-யும் (வேலையிட மின் பாதுகாப்பு விதி) அங்கேயே இருக்கிறது.

பழைய_பேனல்:
கேல்குலேட்டரைப் பற்றியும் சொல்லுங்கள். என் காலத்தில் எல்லோரும் எச்பி 35எஸ் வைத்திருந்தார்கள்.

டெல்டா_வை:
அது இன்னும் பட்டியலில் இருக்கிறது. எச்பி-யில் 33எஸ், 35எஸ். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் டிஐ-30எக்ஸ், டிஐ-36எக்ஸ் வகைகள். கேசியோவில் எஃப்எக்ஸ்-115, எஃப்எக்ஸ்-991 வகைகள். கடைசியைப் பார்த்தீர்களா? ஊரில் செமஸ்டர் பரீட்சைக்கு ஹாஸ்டலில் ஆளாளுக்குக் கடன் கேட்கும் அதே 991! என்னுடையது பின்பக்கம் ரோல் நம்பர் கீறிய 991, அதோடுதான் பியர்சன் வியூவுக்குள் போனேன். வாசலில் இருந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார். போலார், ரெக்டாங்குலர் மாற்றுவதும் காம்ப்ளெக்ஸ் மோடும் விரலுக்குப் பழகியிருக்க வேண்டும், அதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஹூஸ்டன்_வாசி:
என்னுடையது ஊரில் அம்மாவின் பீரோவில் இருக்கிறது, தம்பியிடம் சொல்லி அனுப்பச் சொல்ல வேண்டும் 😀

சரி, இதுவரை புரிந்தது: ஹேண்ட்புக் இலவசம், என்இசி இலவசம், பழைய கணக்குப் புத்தகங்களில் கோடு தவிர மற்றது ஓகே. என்சிஇஇஎஸ் சொந்தமாக விற்கும் பிராக்டிஸ் எக்ஸாம் வாங்கியிருக்கிறேன். இதை எப்போது போடுவது? ஆபீசில் ஒருவர் முதலில் போடு என்கிறார், ஒருவர் கடைசியில் என்கிறார்.

சப்ஸ்டேஷன்காரன்:
முதலில். ஓட்டை எங்கே என்று தெரியாமல் எதை வாங்குவீர்கள்?

மின்கலா:
கடைசியில்! கேள்வி எழுதுபவர்களே எழுதிய கேள்வி அதுதான், அதற்கு ஈடு வேறு இல்லை. நம் ஊர் மாதிரி முந்தைய வருடக் கேள்வித்தாள் இங்கே வெளியே வராது, உள்ளே போனவர்களும் வாயைத் திறக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறார்கள். அதனால் அந்த 80 கேள்வியும் தங்கம். துருப்பிடித்த மூளையோடு முதல் வாரத்திலேயே போட்டு 35 மார்க் வாங்கி மனம் உடைவதற்கு எதற்கு அதை வீணாக்க வேண்டும்? ஒரு மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, நடுவில் 50 நிமிடம் மட்டும் இடைவேளை விட்டு முழுசாகப் போடுங்கள். தேர்விலும் முதல் பகுதியைச் சமர்ப்பித்துவிட்டுத்தான் இடைவேளைக்குப் போவீர்கள், திரும்பி வந்து அதைத் தொட முடியாது. அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

சப்ஸ்டேஷன்காரன்:
இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள். என் யோசனை, ஓட்டை தெரிவதற்கு சூட்கேசில் இருக்கும் ஏதாவது ஒரு பழைய மாதிரித் தேர்வைப் போடுங்கள், கோடு கேள்விகளைத் தவிர்த்து. தங்கத்தைப் பிறகு உருக்கலாம்.

மின்கலா:
அது சரி. அதற்கு நானும் ஒத்துக்கொள்கிறேன்.

டெல்டா_வை:
பயிற்சிக் கேள்வி வாங்கும்போது இன்னொன்று பாருங்கள். சந்தையில் இருப்பவை பலவும் எண்ணைக் கொடுத்து எண்ணைக் கேட்கும். உண்மையான தேர்வில் எண்ணே இல்லாத கேள்விகள் நிறைய வரும் என்று பாடத்திட்டத்தைப் பார்த்தாலே தெரியும். சின்க்ரனஸ் மோட்டாரின் எக்சைட்டேஷனைக் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால் கேல்குலேட்டர் உதவாது. ஓவர் எக்சைட் ஆனால் லீடிங்கில் ஓடும், சிஸ்டத்துக்கு வார் (ரியாக்டிவ் பவர்) கொடுக்கும், கெபாசிட்டர் மாதிரி. இதைச் சொல்லத் தெரிய வேண்டும். இதற்கு நம் காலேஜ் மெஷின்ஸ் புத்தகம்தான் இன்னும் நல்லது, ஊரில் படித்த அடித்தளம் இந்த இடத்தில் காப்பாற்றும். டூ வாட்மீட்டர் முறை, வி கர்வ் எல்லாம் லேபில் செய்து ரெக்கார்டு நோட்டில் எழுதியதுதானே. அதற்கு மேல் டெரிவேஷனுக்குள் போகாதீர்கள்.

விடைகளும் எல்லாம் நாலில் ஒன்று இல்லை. சரியானவை எல்லாவற்றையும் தேர்ந்தெடு, இழுத்து வந்து பொருத்து, படத்தில் இடத்தைக் கிளிக் செய், எண்ணை நீயே அடி என்றெல்லாம் வரும். நாலு விடையில் ஒன்றோடு ஒத்துவருகிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் அங்கே கை நடுங்கும்.

பழைய_பேனல்:
மற்ற கோடுகள்? என் காலத்தில் என்இஎஸ்சி-யை நான் தொடவே இல்லை.

சப்ஸ்டேஷன்காரன்:
இப்போது தொட வேண்டும் அண்ணே. ஆனால் முழுதாகப் படிக்க வேண்டாம். என்இஎஸ்சி-யில் எது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஹெவி லோடிங் என்றால் அரை அங்குல ஐஸ், சதுர அடிக்கு 4 பவுண்டு காற்று. மீடியம் என்றால் கால் அங்குலம், அதே 4 பவுண்டு. லைட் என்றால் ஐஸ் கிடையாது, ஆனால் காற்று 9 பவுண்டு. ரூல் 250. லைட் என்ற பெயரைப் பார்த்துக் காற்றும் குறைவு என்று நினைத்துவிடுவார்கள், அதற்காகச் சொல்கிறேன். கிளியரன்சுக்கு 232. 70இ-யில் அப்ரோச் பவுண்டரி டேபிள், பிபிஇ (பாதுகாப்பு உடை) கேட்டகரி 4, 8, 25, 40 கேலரி. என்எஃப்பிஏ 497 தீப்பற்றும் வாயுவுக்கும் திரவத்துக்கும், 499 தீப்பற்றும் தூசிக்கு. பட்டியலில் 30பி என்று ஒன்றும் இருக்கிறது, ஏரோசால் பொருள்களுக்கு. கொசு மருந்து டப்பாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்துக்கொண்டே உள்ளடக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பத்து நிமிடம்.

புதுசு_88:
டெலிகிராம் பிடிஎஃப் நாற்பதையும் எனக்கு அனுப்ப முடியுமா?

மின்கலா:
வேண்டாம் தம்பி. திருட்டுப் பிரதி என்பது ஒரு பக்கம், நாளைக்கு லைசென்ஸ் வாங்கி வரைபடத்தில் முத்திரை குத்தப் போகிறவர் முதல் அடியையே அப்படி வைக்கலாமா? அது போகட்டும், அந்த நாற்பதில் எது எந்த வருடத்துப் பதிப்பு என்று உங்களுக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது. தப்பான டேபிளில் பழகிவிட்டு அதை மறப்பதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

ஹூஸ்டன்_வாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்துவிட்டேன்.

கோர்ஸ் வேண்டாம். பிள்ளைகள் தூங்குகிற நேரமும் அவர்கள் நேரலை வகுப்பு நேரமும் ஒத்துவரவில்லை. என்இசி கேள்விகள் மட்டும் தற்போதைய பதிப்புக்கு எழுதிய ஒரு பயிற்சித் தொகுப்பு வாங்கினேன். ஃபால்ட், பெர் யூனிட், புரொடெக்‌ஷனுக்கு சூட்கேசில் இருந்த ஆறில் இரண்டை மட்டும் வெளியே எடுத்தேன். பழைய மாதிரித் தேர்வு ஒன்றை நேற்று ராத்திரி பாதி போட்டேன், நாற்பதில் பதினேழு. மெஷின்ஸ் மோசம், அதைவிட மோசம் என்இசி! தினமும் அதில்தான் வேலை செய்கிறேன் என்று மார்தட்டியவன். ஆபீசில் எல்லாம் சாஃப்ட்வேர் எடுத்துக் கொடுக்கிறது, நான் டேபிளைப் பார்த்து எத்தனை வருடமாகிறது என்று இப்போதுதான் உறைத்தது. கோடு கேள்விகளைத் தவிர்க்கச் சொன்னீர்கள், கைப்பழக்கத்தில் அதையும் போட்டுவிட்டேன், நல்லதாகப் போயிற்று. மின்கலா சொன்ன 50 எச்பி கணக்கைப் பார்க்காமல் இன்னொரு தடவை போட்டேன், மூன்று அத்தியாயம் திறந்து முடிக்க பதினொரு நிமிடம்.

மேனுவலும் பைண்டர்களும் ஆபீஸ் அலமாரிக்குத் திரும்பப் போகின்றன. பைண்டர்களில் பெரியவரின் கையெழுத்து அவ்வளவு அழகு, தூக்கிப் போட மனசு வரவில்லை.

மின்கலா:
பதினொன்றை ஐந்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு வாரம் கழித்து இங்கே வந்து சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு:
அப்போ சூட்கேஸ் காலிதானே? டிசம்பரில் ஊருக்குப் போகிறேன், லக்கேஜ் ஒன்று குறைகிறது.

ஹூஸ்டன்_வாசி:
வந்து எடுத்துக்கொள்ளுங்கள் பாஸ். ஊரிலிருந்து வரும்போது பீரோவில் இருக்கும் 991-ஐ அதில் வைத்துக் கொண்டு வந்தால் கணக்கு சரியாகிவிடும்.